பால் செம்பும் இரண்டு கைபேசியும்

கேள்வி சுருக்கமாக இது: மொரீஷியஸ் தீவின் காத்ர் போர்ன் ஊரில் ஒரு கோவில் இளைஞர் குழு. ஐந்து பேர், இரண்டு கைபேசி, ஒரு முக்காலி. தைப்பூசக் காவடியை ஒட்டி 8 நிமிடத் தமிழ்க் குறும்படம் எடுக்க ஆசை. இரண்டு மாதமாக உட்கார்ந்து பேசியும் "புதுசா ஒண்ணுமே தோணலை". நல்ல படங்களைப் பார்த்துக் கற்பனையை வளர்ப்பது எப்படி என்று கேட்கிறார்கள். கூடவே ஒரு கவலை: குழுவில் யாருக்கும் தமிழ் சரளமாகப் பேச வராது.

கடைசியில் சொன்ன கவலையை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாக எதுவும் தோன்றாததற்குக் காரணம், எல்லாக் கதவும் திறந்தே கிடப்பது. எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் மனம் எங்கும் நிற்காது. தமிழ் சரளமாக வராது என்பதுதான் உங்கள் மேசையில் இருக்கும் ஒரே திட்டவட்டமான செய்தி. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1975-இல் வந்த 'ஜாஸ்' படத்தை ஸ்பீல்பெர்க் எடுத்தபோது, செய்து வைத்திருந்த இயந்திரச் சுறா கடலின் உப்பு நீரில் அடிக்கடி பழுதானது. சுறாவைக் காட்ட முடியாமல் போனதால் தண்ணீர் மட்டத்தில் வைத்த கேமராவும் ஜான் வில்லியம்ஸின் இசையும் சுறாவின் வேலையைச் செய்தன. படத்தின் முதல் பலி நடக்கும் காட்சியில் சுறாவே கிடையாது. பழுது வந்ததால் மட்டும் அந்த உத்தி பிறந்துவிடவில்லை. சுறா இல்லாமல் இந்தக் காட்சியில் என்ன மிஞ்சும் என்று யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். உங்களுக்கும் அதே கணக்குதான். ஒரு தாளின் இடப்பக்கம் இல்லாதவற்றை எழுதுங்கள்: சரளமான தமிழ், விளக்குகள், பயிற்சி பெற்ற நடிகர், அமைதியான அறை. வலப்பக்கம், அது இல்லாததால் படத்தில் என்ன இருந்தே தீர வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கதை யோசிப்பது அதற்குப் பிறகு.

மொழிக்கு வருவோம். இங்கே எடுக்கப்படும் தமிழ்க் குறும்படங்கள் பல கேட்கக் கடினமாக இருப்பதற்குக் காரணம், வீட்டில் நம் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பையன் கேமரா முன்னால் "நான் மிகுந்த மனவேதனையில் இருக்கிறேன் அம்மா" என்று பாடப்புத்தகத் தமிழை ஒப்பிப்பதுதான். பார்ப்பவருக்குக் கதை மறந்து, அடுத்த சொல்லில் திக்குவானோ என்ற பயம் வந்துவிடுகிறது. 1987-இல் சிங்கீதம் சீனிவாசராவ் கமல்ஹாசனை வைத்து எடுத்த 'பேசும் படம்' முழுவதிலும் வசனமே இல்லை. சத்தங்கள் உண்டு, பேச்சு இல்லை. முழுநீளப் படத்துக்கு அது முடிந்தது என்றால் 8 நிமிடத்துக்கு முடியும். முழுக்க ஊமையாக வேண்டாம். வசனம் மொத்தம் 12 வரிக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வையுங்கள். பதின்மூன்றாவது வரி வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை அடிக்க வேண்டும்.

அந்த 12 வரியிலும் கிரியோல் வாழும் இடத்தில் கிரியோல் பேசட்டும், தமிழ் வாழும் இடத்தில் தமிழ். நம் தீவில் தமிழ் எங்கே உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள்: அரோகராவில், பூசைப் பாட்டில், சமையலறையில். கிரியோல் பேசுபவர் 'கரிபுலே' என்பது நம் கறிவேப்பிலை. 'முரூம்' முருங்கை. 'ராசோன்' ரசம். பாட்டி ஒரு சொல்லையும் பேத்தி அதன் கிரியோல் உருவத்தையும் சொல்லி இருவரும் ஒரே இலையைக் கிள்ளினால், அரை நிமிடத்தில் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடலாம். சென்னையில் இருப்பவரால் இந்தக் காட்சியை எழுத முடியாது. கீழே தமிழில் துணையெழுத்துப் போட்டுவிடுங்கள். இது தமிழ்ப் படம் இல்லையே என்று சொல்பவர்கள் வருவார்கள், சொல்லட்டும்.

யோசனைக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொருவரும் தனியாக, பேசாமல், பத்து யோசனை எழுதுங்கள். முதல் ஐந்தைக் கிழித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் வருபவை: வெளிநாட்டிலிருந்து திரும்பும் மகன், போதைப்பொருள் எச்சரிக்கை, பாட்டியின் மரணம், கடைசியில் விழித்துப் பார்த்தால் எல்லாம் கனவு. ஆறாவதிலிருந்து எழுதக் கை தயங்கும். அங்கே வருபவை பெரும்பாலும் சிறியவை, கேலிக்கு இடமானவை, ஆனால் உங்கள் தெருவைச் சேர்ந்தவை. குழுவாகச் சேர்ந்து யோசிப்பதை இந்தக் கட்டத்தில் தவிர்க்கச் சொல்வேன். முதலில் வாய் திறப்பவரின் யோசனையைச் சுற்றியே மற்ற நால்வரும் நின்றுவிடுவார்கள்.

பெரிய கருத்தைத் தேடாமல் ஒரு பொருளைத் தேடுவது சுலபம். காவடியில் அப்படிப்பட்ட பொருள் தயாராக இருக்கிறது: பால் செம்பு. ஆற்றங்கரையிலிருந்து கோவில்வரை வெயிலில் சுமந்து போனாலும் பால் திரியாது என்பது நம்பிக்கை. திரியுமா, திரியாதா? பார்ப்பவரைக் கடைசிவரை உட்கார வைக்க இந்த ஒரு கேள்வி போதும். முழங்கால் வலியால் பாட்டியால் இந்த ஆண்டு நடக்க முடியவில்லை, அவர் நேர்ந்துகொண்ட செம்பைப் பேத்தி தூக்குகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு என்ன வேண்டும், எது தடுக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. செம்பை மாற்றிப் பிடிக்கும் கை, மஞ்சள் துணியின் முடிச்சு, தளும்பும் விளிம்பு என்று கேமராவுக்கு வேலை தானாக வருகிறது. இது உதாரணம்தான், உங்கள் ஆறாவது யோசனை இதைவிட நன்றாக இருக்கலாம்.

கதை எழுதுமுன் ஒரு வாரம் ஒரே ஒரு பயிற்சி. 1895-இல் லூமியேர் சகோதரர்களின் கேமராவில் ஏறக்குறைய 17 மீட்டர் படச்சுருள்தான் போகும். சுமார் 50 விநாடி. கேமரா நகராது, வெட்டு கிடையாது. ஐவரும் ஒரே இடத்துக்குப் போங்கள். கோவில் சமையல்கட்டு நல்ல இடம். ஆளுக்கு ஒரே ஒரு 50 விநாடி ஷாட். முக்காலியில் வையுங்கள், தொடாதீர்கள். முதல் நாள் எல்லாமே சப்பென்றிருக்கும்: முதல் 20 விநாடி ஒன்றும் நடக்காது, நடக்கும்போது அது சட்டகத்தின் ஓரத்தில் இருக்கும். மூன்றாம் நாள், அண்டாவைத் தூக்கி வருபவர் எந்தப் பக்கம் நுழைந்து எந்தப் பக்கம் வெளியேறுவார் என்று முன்கூட்டியே பார்த்து கேமராவை வைக்கத் தொடங்குவீர்கள். 'இயக்கம்' என்று நாம் மரியாதையாகச் சொல்லும் வேலையில் பாதி இதுதான்.

பிறகு திரைக்கதை. ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற பழைய கணக்கு உங்களுக்கும் பொருந்தும், ஆகவே 8 பக்கம். 50 முதல் 60 ஷாட் வரும். பழக்கமில்லாத குழு மணிக்கு நான்கைந்து ஷாட்தான் முடிக்கும், சாப்பாடு நீக்கி ஒரு நாளில் 30 வந்தால் பெரிய காரியம். இரண்டு நாள் ஒதுக்குங்கள். ஒரே நாளில் முடிக்கலாம் என்று இறங்கினால் மாலையில் கடைசிக் காட்சிதான் பலியாகும். அதுதான் படத்தின் முக்கியமான காட்சியாகவும் இருக்கும்.

கரும்புத் தோட்டத்தில் காட்சி இருந்தால் கூடுதல் எச்சரிக்கை. சத்யஜித் ராய் 1952-இல் 'பதேர் பாஞ்சாலி'க்காக நாணல் பூத்த வெளியில் ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் மிச்சத்தை எடுக்கப் போனார். மாடுகள் பூவையெல்லாம் மேய்ந்துவிட்டிருந்தன. மறுபடி பூக்கும்வரை, அடுத்த ஆண்டு வரை, காத்திருந்தார். நமக்கு மாடு வேண்டாம், கரும்பு வெட்டே போதும். ஜூன் முதல் டிசம்பர்வரை வெட்டு நடக்கிறது. இந்தச் சனிக்கிழமை தலைக்கு மேல் நின்ற கரும்பு அடுத்த சனிக்கிழமை கட்டையாக இருக்கலாம். ஆகவே தோட்டக் காட்சியின் எல்லா ஷாட்டும் ஒரே நாளில். எதற்கும் பேத்தியின் முக அண்மைக் காட்சிகளை, பின்னணியில் வெறும் வானம் தெரியும்படி, கீழிருந்து எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். தேவைப்பட்டால் வேறெங்கும் மறுபடி எடுத்து ஒட்டலாம்.

வெளிச்சத்தில் நம் தீவுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. இணையப் பாடங்கள் பெரும்பாலும் வடகோளத்தில் எடுக்கப்பட்டவை. "வடக்குச் சன்னல் வெளிச்சம் மென்மையானது" என்பார்கள். நமக்குச் சூரியன் ஆண்டின் பெரும்பகுதி வடக்குப் பக்கமாகப் போவதால் மென்மையான சன்னல் தெற்குச் சன்னல். நவம்பர் கடைசி வாரத்திலிருந்து ஜனவரி 20 வாக்கில்வரை மட்டும் நடுப்பகலில் அது சற்றே தெற்கே சாயும். தைப்பூசம் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ வருவதால் பகல் 12.20 மணியளவில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலையில் நிற்கும். கண்குழிகள் கறுத்து எல்லோர் முகமும் மண்டையோடாகத் தெரியும். முக்கியமான முகங்களைக் காலை 9 மணிக்குள் ஆற்றங்கரையிலேயே எடுத்துவிடுங்கள். அதன்பின் நடக்கும் கால்கள், செம்பு, பின்னாலிருந்து கூட்டம். காவடியின் வளைவே முகத்துக்கு நிழல் தரும் கணங்கள் வரும், அவற்றையும் விடாதீர்கள்.

வீட்டுக்குள் விளக்கு இல்லையே என்ற கவலைக்கு, ராயின் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா விடை கண்டுபிடித்து வைத்திருக்கிறார். 1956-இல் வந்த 'அபராஜிதோ'வுக்காகக் காசி வீட்டு முற்றத்தை அரங்காகப் போட்டபோது, வானத்திலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் வேண்டியிருந்தது. அரங்கின் மேல் வெள்ளைத் துணி கட்டி, விளக்குகளை அதன்மேல் அடித்து, திரும்பி வந்த வெளிச்சத்தில் எடுத்தார். உங்களுக்குத் தேவை ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பும் ஒரு தெர்மகோல் பலகையும். சன்னலுக்கு எதிர்ப்பக்கம், முகத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பலகையைப் பிடித்தால் நிழல் பக்கம் எழும். முகம் தட்டையாகிவிட்டால் பலகைக்குப் பதில் கறுப்புத் துணி. அறையின் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். சன்னலின் 5600 கெல்வினும் பல்பின் 2700 கெல்வினும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலமாகவும் மறு கன்னம் மஞ்சளாகவும் வரும், பிறகு எந்தச் செயலியாலும் சரிசெய்ய முடியாது.

குத்துவிளக்குக் காட்சியில் கைபேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டி சுடரை வெள்ளைப் பொட்டாக்கிவிடும். திரையில் சுடரின்மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள், பிறகு சற்றுக் குறையுங்கள். முகம் சுடரிலிருந்து 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும். சாம்பிராணிப் புகை பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில்தான் தெரியும், முன்வெளிச்சத்தில் காணாமல் போகும்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விநாடிக்கு 25 சட்டகம், ஷட்டர் 1/50. கைபேசிகள் தாமாகவே 30 சட்டகத்தில் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் 1/60-இல் நின்றால் குழல்விளக்கின் கீழே பட்டைகள் ஓடும். வெயிலில் 1/50 வைத்தால் படம் வெளுத்துப்போகும், அதற்கு வெளிச்சத்தை 6 ஸ்டாப், அதாவது ஆறு முறை பாதிபாதியாக, குறைக்கும் என்.டி. 64 என்ற கறுத்த கண்ணாடி வடிகட்டி வேண்டும். அது இல்லையென்றால் வெயிலில் மட்டும் ஷட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள், உலகம் இடிந்துவிடாது. லென்ஸ் 1 மடங்கில் பூட்டப்பட்டிருக்கட்டும், அகலம் மாற வேண்டுமானால் நடந்து போங்கள். குளிர்பதனக் காரிலிருந்து இறங்கியதும் லென்ஸில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்பே இறக்கி வையுங்கள். நேர் வெயிலில் 4கே எடுத்தால் கைபேசி சூடாகிப் பாதியில் நின்றுவிடும். ஷாட்டுகளுக்கு நடுவே வெள்ளைத் துண்டில் மூடி வையுங்கள். ஐஸ்பெட்டியில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும்.

ஒலிதான் நம் ஊர்ப் படங்கள் சாகும் இடம். மங்கலான படத்தைப் பார்ப்பவர் மன்னிப்பார், புரியாத பேச்சை மன்னிக்க மாட்டார். தென்கிழக்குக் காற்று ஆண்டு முழுவதும் வீசுகிறது, மேட்டுநிலத்தில் கியூர்பிப் பக்கம் போனால் தகரக் கூரையில் மழை. கைபேசியின் சொந்த மைக் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும்போது பேச்சைவிடக் காற்றைத்தான் நன்றாகப் பிடிக்கும். இரண்டாவது கைபேசியை ஒலிக்கருவியாக்குங்கள்: சட்டையில் குத்தும் கம்பி மைக், வாயிலிருந்து ஒரு சாண், கைபேசி நடிகரின் பையில், விமானப் பயன்முறையில். 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பு. அளவுமானி உச்சத்தில் கழித்தல் 12 டெசிபெல்லைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் கேமரா முன் ஒரு கைதட்டல். தொகுக்கும்போது அந்தத் தட்டலைத் தட்டலோடு பொருத்துவீர்கள். பத்து நிமிடம் விடாமல் ஓடவிட்டால் இரண்டு கருவிகளும் சில சட்டகம் விலகிப் போகும், அதனால் டேக்குகளைச் சிறியதாக வையுங்கள்.

எடுக்குமுன் குளிர்பெட்டியை அணைக்க வேண்டும். அணைத்தவர் தம் கார்ச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடட்டும். ஒலிப்பதிவாளர்களின் பழைய தந்திரம் இது. சாவி இல்லாமல் வீடு போக முடியாது, ஆகவே திரும்ப ஓடவிட மறக்க மாட்டார். பாட்டி வீட்டு மீன் கெட்டுப்போனால் அடுத்த வாரம் அந்த வீட்டில் படப்பிடிப்பு கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் பேசாமல் நின்று ஒரு நிமிட வெறும் அறைச் சத்தம் பதிவு செய்யுங்கள். வெட்டுகளுக்கு இடையே விழும் ஓட்டைகளை அடைக்க வேறு வழியில்லை.

காற்று விடவே விடாத இடத்தில் ராபர்ட் ரோட்ரிகெஸ் வழி உதவும். 1992-இன் 'எல் மரியாச்சி'யை அவர் ஏறத்தாழ 7,000 டாலரில் எடுத்தார். அவருடைய 16 மி.மீ. கேமரா பெரும் இரைச்சல் போடும். ஆகவே படம் எடுத்து முடித்ததும் கேமராவை நிறுத்திவிட்டு, மைக்கை நடிகரின் வாயருகே கொண்டுபோய் அதே வரியை மறுபடி சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார். வாயசைவு விலகத் தொடங்கும் இடத்தில் வேறு ஷாட்டுக்கு வெட்டினார். அந்தப் படத்தின் வேகமான வெட்டுகளில் ஒரு பகுதி இப்படி வந்தது. நீங்களும் வரி முடிந்த சூட்டோடு, அதே மூச்சில், சுவரோரமாக ஒதுங்கி மறுபடி சொல்ல வையுங்கள். வீட்டுக்குப் போய் மறுநாள் பேசினால் குரலில் நடந்த களைப்பு இருக்காது.

நடிப்பில் ஒன்று. நாடக விழா மேடையில் பழகியவர்கள் கடைசி வரிசைக்குக் கேட்கப் பேசுவார்கள், கண்ணை விரிப்பார்கள். "குறைச்சு நடி" என்று சொன்னால் விறைத்துப்போவார்கள். கைக்கு வேலை கொடுங்கள்: தேங்காய் துருவிக்கொண்டே, வாழையிலை துடைத்துக்கொண்டே பேசட்டும். காவடி முடிந்து ஏழு கறி பரிமாறும் காட்சியில் யாரும் 'நடிக்க' மாட்டார்கள். இலையில் கறி எந்த இடத்தில் வைப்பது என்பதிலேயே கவனம் போய்விடும்.

காவடி நாள் ஊர்வலத்துக்கு இரண்டாவது டேக் கிடையாது. முந்தின வாரம் அதே நேரத்தில் வழியை நடந்து பார்த்து, நிற்க வேண்டிய நான்கு இடங்களைக் குறித்துவைத்து, கோவில் நிர்வாகத்திடமும் படத்தில் வரப்போகும் குடும்பங்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பத்து நாள் விரதமிருந்து அலகு குத்திக்கொண்டவரின் முகத்தருகே கைபேசியை நீட்டாதீர்கள். மரியாதை ஒருபுறம் இருக்க, அந்த அண்மைக் காட்சியை ஊரில் எல்லோரும் எடுத்திருப்பார்கள். ஆணிச்செருப்பின் கீழே நசுங்கும் மாவிலை, தண்ணீர் ஊற்றிய தாரில் எழும் ஆவி, செம்பைப் பார்த்துக்கொண்டே வரும் சின்னப் பிள்ளையின் கண் ஆகியவை மிச்சமிருக்கும். ஒவ்வொன்றையும் 15 விநாடி அசையாமல் பிடியுங்கள்.

தொகுக்கும்போது ரஷ்ய இயக்குநர் குலெஷோவ் செய்த சோதனை நினைவிருக்கட்டும். ஒரு நடிகரின் உணர்ச்சியற்ற முகத்தை ஒரே மாதிரி வைத்து, பக்கத்தில் ஒருமுறை சூப், ஒருமுறை சவப்பெட்டி என்று மாற்றி ஒட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்கள். உங்கள் பேத்தி சும்மா பார்க்கும் 10 விநாடி முகத்தை மூன்று திசையில் எடுத்து வையுங்கள். தளும்பும் செம்புக்குப் பின் ஒட்டினால் பயம், தூரத்துக் கோபுரத்துக்குப் பின் ஒட்டினால் நிம்மதி. அழத் தெரியாத நடிகைக்கு இது போதும். அடுத்த காட்சியின் ஒலியை வெட்டுக்கு அரை விநாடி முன்பே தொடங்கவிடுங்கள்: பாட்டியின் முகம் தெரியும்போதே அடுத்த காட்சியின் உடுக்கைச் சத்தம் கேட்கட்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் உரிமைக்காரர்கள் இணையத்தில் முடக்குவார்கள். கோவில் நாதஸ்வரக்காரரிடம் கேட்டு அனுமதியோடு பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவு செய்யுங்கள்.

முதல் தொகுப்பு 12 நிமிடம் வரும். அதை ஒலி இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், பிறகு படம் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். இரண்டிலும் கதை புரிந்தால் அந்த வசனங்களில் பாதி தேவையில்லை. அதன்பின் படத்தில் சம்பந்தப்படாத மூன்று பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். "எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள், நன்றாக இருந்தது என்றுதான் சொல்வார்கள். நீங்கள் திரையைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து, எந்த நிமிடத்தில் நாற்காலியில் அசைகிறார்கள், எப்போது கைபேசியை எடுக்கிறார்கள் என்று நேரம் குறியுங்கள். மூவருக்கும் ஒரே இடம் வந்தால் அதை வெட்டுங்கள். பெரும்பாலும் அது நீங்கள் எடுக்க மிகவும் பாடுபட்ட ஷாட்டாகவே இருக்கும்.